தோளுக்கும் தண்டுக்கும் இடையில்

தியாகராசா ஜக்கெற்றைக் கழற்றுவதைக் கௌரி கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இடது கை வெளியே வந்தது. பிறகு ஜக்கெற் முதுகைச் சுற்றி வலப்பக்கம் வழுகி இறங்கியது. கடைசியில், நித்திரையான பிள்ளையைத் தொட்டிலில் இருந்து தூக்குவது போல, வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். நோகிற கையைத்தான் மனிதர் கடைசியாகக் கழற்றுவார்கள். போடும்போது அதைத்தான் முதலில் நுழைப்பார்கள். வாய் எதைச் சொன்னாலும் ஜக்கெற் பொய் சொல்லாது என்பதைக் கௌரி இந்த வேலையில் கண்டுபிடித்து எத்தனையோ பனிக்காலம் ஆகிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அவருக்கு எதிரே இருந்தவள் ரக்ஷனா. ஏதோ கேட்டாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

தன்னோடு இருந்தபோது அந்த மனிதர் ஒருநாளாவது பல் தெரியச் சிரித்தாரா என்று கௌரி யோசித்தாள். இல்லை.

வேலையில் காயப்பட்டவர்களின் கோப்புகளைப் பார்க்கும் சிறிய நிறுவனம் அது. பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தில், ஜான்-டலோன் சந்தையில் இருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் இருந்தது. ஆள் விழுந்த நாளில் இருந்து திரும்பவும் வேலைக்குப் போகும் நாள்வரை டொக்டர், பிசியோ, முதலாளி, இழப்பீட்டு ஆணையம் என்று எல்லோருக்கும் நடுவில் நிற்பதுதான் கேஸ் மனேஜரின் வேலை. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களில் தமிழர் நிறையப் பேர் வேலை செய்தார்கள். தமிழ்க் கோப்பு என்றால் கௌரி. நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. போன வருடக் கடைசியில்தான், கோயம்புத்தூரில் பிசியோ படித்துவிட்டு இங்கே வந்து இன்னொரு டிப்ளோமாவும் எடுத்த ரக்ஷனாவை மேலாளர் செசில் வேலைக்கு எடுத்தாள்.

தியாகராசாவின் கோப்பு மே மாதம் வந்தது. உயரத் தட்டில் இருந்து பெட்டி இழுக்கும்போது வலது தோளின் தசைநார் பாதி கிழிந்திருந்தது. முதல் சந்திப்பைக் கௌரி எப்போதும் தொடங்குவது போலத்தான் தொடங்கினாள்.

"ஊரிலை எவடம் அண்ணை?"

"அளவெட்டி."

"அளவெட்டியிலை எங்கை?"

"பிள்ளையார் கோயிலடி."

"அப்ப கனகம்மா ரீச்சரைத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியுமோவோ? அவ என்ரை மனிசிக்குப் பெரியம்மா."

"அட. அவவின்ரை மருமோள் எனக்குச் சித்தி முறையெல்லே."

அவர் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நீர் எங்கடை பிள்ளை" என்றார். கௌரிக்கு அது போதும். பூட்டைத் திறந்துவிட்டோம் என்றுதான் எப்போதும் நினைப்பாள். வெள்ளைக்காரர் பத்துப் பக்கம் கேள்வி வைத்துப் பிடிக்கப் பார்க்கும் நம்பிக்கையைத் தான் இரண்டு ஊர்ப்பெயரில் பிடித்துவிடுவதாக அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் அவர் "சுகந்தான் பிள்ளை, முந்தியைவிடப் பறவாயில்லை" என்றார். நித்திரை? "அது வரும்." குளிக்கிறது? "ஒரு பிரச்சினையும் இல்லை." அவளும் அப்படியே எழுதினாள்.

ஓகஸ்ட்டில் ஒரு காலை செசில் அவளைக் கூப்பிட்டாள். அந்த மனிதர் மற்றத் தமிழ்ப் பெண்ணைக் கேட்கிறார், காரணம் சொல்லவில்லை, கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுவது போல இலகுவாகச் சொன்னாள். கௌரி "சரி" என்றாள். தன் மேசைக்கு வந்து, கோப்பை ரக்ஷனாவின் பெயருக்கு மாற்றினாள். பிறகு அன்றைக்கு முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுடைய காது கெட்டுப்போனது. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு துணித் தட்டி மட்டும் இருந்தது. ரக்ஷனா போனில் கதைக்கும்போது கௌரி எழுதுவதை நிறுத்திவிடுவாள்.

"எந்த ஊரா? எங்க ஊரு சொன்னா உங்களுக்குத் தெரியாதுங்கண்ணா, பொள்ளாச்சிப் பக்கம். அத விடுங்க. காலைல பல்லு எந்தக் கைல தேய்க்கிறீங்க?" தியாகராசா சொல்வதைக் கேட்டாள். பிறகு அவளே சிரித்தாள். "மூக்குக்குள்ளயா? பேஸ்ட்டா? சரி, சட்டை பொத்தான் யாரு போட்டு விடுறா? அண்ணியா? அவங்க திட்டுவாங்களா?"

மூக்குக்குள் பேஸ்ட் போன கதையைக் கௌரிக்கு ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. மனைவி பொத்தான் போட்டுவிடுவதையும் சொன்னதில்லை. அந்தக் கேள்விகளில் வித்தை ஒன்றும் இல்லை, யாரும் கேட்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் தன்னுடைய இன்னொரு ஆளிடம் அதே கேள்வியைக் கேட்டும் பார்த்தாள். கொக்குவிலில் இருந்து வந்த மனிதர். "என்ன பிள்ளை பகிடியோ?" என்று கேட்டுவிட்டு அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

செப்டெம்பரில் ரக்ஷனா பஸ் ஏறிக் கிழக்கே போய், தியாகராசா வேலை செய்த களஞ்சியத்தையே பார்த்துவிட்டு வந்தாள். ஜூலையில் தியாகராசாவுக்கு அங்கே ஓர் இலகு வேலை ஒழுங்கு செய்தது கௌரி. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது. முதலாளி அனுப்பிய விவரத்தில் மேசை இடுப்பு உயரம், பாரம் இல்லை என்று இருந்தது. அவரைக் கேட்டாள். "செய்யலாம் பிள்ளை" என்றார். டொக்டரும் கையெழுத்து வைத்தார். இரண்டு கிழமையில் தோள் மோசமாகி அவர் திரும்பவும் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரக்ஷனா போய்ப் பார்த்ததில், மேசை இடுப்பு உயரம்தான்; லேபிள் சுருள்கள் அடுக்கிய தட்டு தலைக்கு மேலே இருந்தது. அதைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

"இதைத்தான் நான் வேலை என்பேன்" என்று செசில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். கௌரியைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கௌரிக்குத் தோன்றியது. பார்க்காமல் விட்டதில் ஓர் இரக்கம் இருந்தது.

இப்போது, நவம்பரில், தியாகராசா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வலது கை முதலில். கௌரியின் மேசையைக் கடக்கும்போது "என்ன பிள்ளை, சுகமே?" என்றார். அவளுடைய பதிலுக்கு நிற்கவில்லை.

அவர் போனதும் ரக்ஷனா போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். இதப் பாருங்க."

படத்தில் கோயில் வெளிவீதி. ஜூலைத் திருவிழா. வெறும் மேலோடு வேட்டி கட்டிய ஆண்கள் சுவாமியை இரண்டு நீளத் தண்டுகளில் ஏற்றித் தோளில் சுமந்து வருகிறார்கள். வலப்பக்கத் தண்டில் இரண்டாவது ஆள் தியாகராசா.

"யாரோ ஃபேஸ்புக்ல போட்டிருக்காங்க. அது சுத்திச் சுத்தி அவரு கம்பெனிக்கே போயிருச்சு. தோள் மோசமானது கோயில்ல சாமி தூக்கினதால, எங்க வேலையால இல்ல, அதனால பின்னால வந்ததுக்கு நாங்க பொறுப்பு இல்லன்னு எழுதியிருக்காங்க. ஆணையத்துக்கும் அப்படியே அனுப்பப் போறாங்களாம். நாளைக்கு செசில் மீட்டிங் வச்சிருக்கா."

"அவர் என்ன சொல்லுறார்?"

"இப்ப நேராவே கேட்டேன். 'ஓம் தங்கச்சி, தூக்கினன்'னு ஒத்துக்கிட்டார். எனக்கு மறைக்கத் தெரியாதுக்கா. உள்ளதத்தான் சொல்லணும். ஆனா அவருக்கு எல்லாம் நின்னு போயிரும். ஆபரேஷன் தேதிகூட வந்திருக்கு." அவள் உதட்டைக் கடித்தாள். "நீங்களும் அந்தக் கோயிலுக்குத்தான போவீங்க? அன்னைக்குப் பார்த்தீங்களா?"

கௌரி படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "சனத்துக்குள்ளை நான் கவனிக்கேல்லை."

அது பொய். அவள் பார்த்தாள். பார்த்தது மட்டுமல்ல, அடுத்த திங்கட்கிழமை போனில் அவரிடம் சொல்லியும் இருந்தாள். "என்ன அண்ணை, சுவாமிக்குத் தோள் குடுத்தியள் போலை?" சொந்தக்காரரிடம் கதைப்பது போல, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஓம் பிள்ளை" என்றார். அந்த அழைப்பிலேதான் இலகு வேலையைப் பற்றியும் கேட்டாள். "செய்யலாம் பிள்ளை" என்று அவர் சொன்னதும் அதில்தான்.

அன்று மாலை வீட்டுக்கு, ரொக்ஸ்பரோ போகும் ரயிலில் யன்னலோரம் இருந்து அந்த மௌனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சுவாமி தூக்கியதைக் கண்டுவிட்ட ஒருத்தியிடம், லேபிள் ஒட்ட ஏலாது என்று எந்த வாயால் அவர் சொல்வார்? அவள் குசலம் விசாரித்தாள். அவருக்கு அது விசாரணையாகக் கேட்டிருக்கிறது.

வீட்டில் அவளுடைய கணவன் நகுலேஸ்வரன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் இருந்து கொண்டெய்னர் இழுக்கும் லொறி ஓட்டுகிறவன். திருவிழாவில் அதே வலப்பக்கத் தண்டில் மூன்றாவது ஆள்.

"இஞ்சாருங்கோ, இந்தமுறை சுவாமி தூக்கேக்கை தியாகராசா அண்ணை உங்களுக்கு முன்னாலைதானே நிண்டவர்?"

"முன்னாலை நிண்டவர்தான்." அவன் கத்தியை வைத்துவிட்டுத் தன் தோளைத் தடவினான். "பாரம் முழுக்க இஞ்சை. ஒரு கிழமை இந்தத் தோளை அசைக்கேலாமல் கிடந்தனான், நீர் சித்தாலேப தேய்ச்சு விட்டது மறந்துபோச்சே?"

"ஏன், அவர் தூக்கேல்லையோ?"

"தண்டுக்குக் கீழை நிண்டவர்."

"அதைத்தான் கேக்கிறன். தூக்கினவரோ?"

நகுலேஸ்வரன் அவளைப் பார்த்தான். "நீர் ஒஃபீஸ் கேள்வியெல்லே கேக்கிறீர்."

"சும்மா சொல்லுங்கோ."

"முன்னுக்கு நிண்ட பெடியன் நல்ல உயரம். நானும் உயரம். நடுவிலை ஆள் கொஞ்சம் முழங்காலை மடிச்சால் தண்டு தோளிலை முட்டாது. பதினொரு வருசமா அவர் நிண்ட இடம். விட்டால் ஏன் விட்டனி எண்டு ஊரே கேக்கும். அவருக்கு ஏலாது எண்டு எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் எண்டு அவருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை." அவன் மீண்டும் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினான். "இதெல்லாம் கதைக்கிற விசயமே?"

கௌரி மாடிப்படியில் போய் இருந்துகொண்டாள். அன்றைய காட்சியை மெதுவாக மனதில் ஓடவிட்டாள். மேளம், கற்பூரம், வெயில். அவர் தோளில் மடித்த சால்வை. பாரம் தாங்குகிறவனின் கழுத்து மற்றப் பக்கம் சாயும். கழுத்து நரம்பு புடைக்கும். இடுப்பு ஒரு பக்கமாக உடையும். அவருடைய கழுத்து நேராக இருந்தது. எத்தனையோ பேரின் ஜக்கெற்றைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. எங்கடை ஆள் சுவாமி தூக்குகிறார் என்று மட்டும் பார்த்தாள்.

அதற்குள் இன்னொன்று எழும்பி வந்தது. அது வந்தபோது அவளுக்கு மார்பு வரை இனித்தது. அவர் ரக்ஷனாவுக்கும் சொல்லவில்லை. மூக்குக்குள் போன பேஸ்ட்டைச் சொன்னவர், பொத்தானைச் சொன்னவர், இதைச் சொல்லவில்லை. 'தூக்கினன்' என்றுதான் அவளுக்கும் சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சிக்காரிக்குத் திறந்த கதவுக்குப் பின்னாலும் ஒரு பூட்டிய அறை இருந்தது. அதன் திறப்பு கௌரியின் கையில் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். தோள் மோசமானது கோயிலால் என்று ஆகிவிடும். அப்படி ஆனால், தலைக்கு மேல் தட்டு இருந்த மேசையில் அவரைக் கொண்டுபோய் இருத்தியது யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ரக்ஷனாவின் கோப்பு அவள் கையாலேயே கவிழும். அந்த மனிதரின் சத்திரசிகிச்சையும் அதோடு கவிழும் என்பதை அவள் கடைசியாகத்தான் நினைத்தாள். கடைசியாக நினைத்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் கூட்ட அறையில் மூன்று பேர்தான். செசில் படத்தைப் பெரிய திரையில் போட்டிருந்தாள். ரக்ஷனா தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், அவர் சுமந்ததை ஒத்துக்கொள்கிறார், ஆனாலும் மேசையின் தட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள் தோற்பதைப் பார்க்க இத்தனை மாதம் காத்திருந்தவள் போலக் கௌரி பார்த்தாள். எதிர்பார்த்த அளவுக்கு நன்றாக இல்லை.

"இந்த மாதிரிப் படம் இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?" என்றாள் செசில். பிறகு கௌரியிடம் திரும்பினாள். "ஜூலையில் கோப்பு உன்னிடம் இருந்தது. உனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

 கீழே பல் வைத்தியரின் துளைக்கும் இயந்திரம் ஓடி நின்றது. திரும்பவும் ஓடியது. செசில் பேனையின் மூடியைத் திறந்து மூடினாள். ரக்ஷனா தலை குனிந்திருந்தாள். நேர் வகிட்டில் ஒரு வெள்ளை மயிர் தெரிந்தது. இத்தனை இளவயதில்.

"படத்தைப் பெரிதாக்கு" என்றாள் கௌரி.

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதலாவது ஆளின் கழுத்தைக் காட்டினாள். மூன்றாவது ஆளின் கழுத்தை, அது தன் கணவன் என்று சொல்லாமலே, காட்டினாள். சாய்ந்த தலை, புடைத்த நரம்பு, வளைந்த இடுப்பு. பிறகு நடுவில் நின்றவரைக் காட்டினாள். நேரான கழுத்து. மடிந்த முழங்கால். அவருடைய சால்வைக்கும் தண்டுக்கும் இடையில் பின்னால் வருகிறவரின் சால்வைக்கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது.

"இந்த மனிதர் ஒன்றையும் சுமக்கவில்லை" என்றாள். "கையைக்கூடத் தண்டில் வைக்கவில்லை. பார், தொங்குகிறது."

செசில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனாள். நெடுநேரம் பார்த்தாள். "சுமக்கவில்லை என்றால் சுமந்தேன் என்று ஏன் சொல்கிறார்? காயம் இருப்பதாக நடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது என்ன, சுகமாக இருப்பதாக நடிப்பது?"

"எங்கள் ஆட்களுக்கு முன்னால் அப்படித்தான்" என்றாள் கௌரி. "எனக்கு முன்னாலும்."

செசில் கெட்டிக்காரி. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. "அப்படியென்றால் தோள் மோசமானது அந்த மேசையில்தான்."

"ஓம்" என்றாள் கௌரி தமிழிலேயே. பிறகு பிரெஞ்சில், "நான் அந்த மேசையைப் போய்ப் பார்க்கவில்லை" என்றாள்.

செசில் பேனையை மூடிவைத்தாள். படத்தோடு விளக்கத்தைக் களஞ்சியத்துக்கும் டொக்டருக்கும் இன்றைக்கே அனுப்பவேண்டும், வேலையிடம் பார்க்காமல் இனி ஒருவரும் இலகு வேலைக்கு ஒப்புதல் கேட்கக்கூடாது என்று இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் ரக்ஷனா நிமிர்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று கௌரி நினைத்தாள்.

"எங்கிட்டகூட தூக்கினேன்னுதான் சொன்னார்" என்றாள் ரக்ஷனா. "எல்லாத்தையும் எங்கிட்ட சொல்றார்னு நெனச்சேன்."

அந்த முகத்தைக் கௌரிக்கு அடையாளம் தெரிந்தது. ஓகஸ்ட்டில் இருந்து தினமும் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கும் முகம். ஒரு கணம் அதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கௌரி.

 ரக்ஷனா போனை எடுத்தாள். "அவருக்குச் சொல்லிர்றேன். நைட்டெல்லாம் தூங்கியிருக்க மாட்டார். நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சொன்னா ரொம்ப..."

"இல்லை."

"ஏங்க்கா?"

கௌரி திரையைப் பார்த்தாள். பெரிதாக்கிய படத்தில் அந்தச் சால்வை, அந்தப் பச்சைக் கோடு. அவளுக்குப் பெயர் கிடைக்கவேண்டிய இடம் அதுதான். அவர் அவளிடமே திரும்பி வரக்கூடிய இடமும் அதுதான் என்று நேற்று மாடிப்படியில் கொஞ்சநேரம் நம்பியும் இருந்தாள்.

"அவர் தூக்கேல்லை எண்டதை நான் கண்டிட்டன் எண்டு தெரிஞ்சால் அந்த மனிசன் அடுத்த வருசம் கோயில் வாசலுக்கு வராது. எங்கடை ஆக்களிலை ஒருத்தி கண்டதா இருக்கப்படாது." அவள் திரையை அணைத்தாள். "படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சது நீர். பிசியோ படிச்ச ஆள், அதாலை தெரிஞ்சது எண்டு சொல்லும். என்ரை பேரை எடுக்காதையும்."

"ஆனா அது பொய்யில்லையா? எனக்கு மறைக்கத் தெரியாதுக்கா."

"பழகும்" என்றாள் கௌரி. "அதுவும் இந்த வேலையிலை ஒரு பங்குதான்."

அடுத்த கிழமை தியாகராசா வந்தார். பழையபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இடது கை, முதுகு, கடைசியில் வலது கை. களஞ்சியம் பின்வாங்கிய கடிதத்தை அவர் முன்னால் வைத்து ரக்ஷனா எதையோ சொன்னாள். சொல்லும்போது ஒரு தரம் கண்ணாடி வழியே இந்தப் பக்கம் பார்த்துவிட்டு உடனே திரும்பிக்கொண்டாள். அவர் அசையாமல் இருந்தார். பிறகு இடது கையால் கண்ணைத் துடைத்தார். இரண்டு கையையும் கூப்பப் பார்த்தார். வலது கை நெஞ்சு வரைதான் வந்தது. அதைப் பாதியில் நிறுத்தி, இடது கையை அதற்கு இறக்கிக் கொண்டுவந்து, அந்த உயரத்திலேயே ரக்ஷனாவைக் கும்பிட்டார்.

கௌரி எழுதுவதை நிறுத்தவில்லை. எதை எழுதுகிறோம் என்று மட்டும் தெரியவில்லை.

போகும்போது அவர் அவளுடைய மேசையடியில் நின்றார். இந்தமுறை உண்மையாகவே நின்றார்.

"கெட்டிக்காரப் பிள்ளை அது" என்றார், அறைப் பக்கம் தலையை ஆட்டி. "நல்லாப் படிச்ச பிள்ளை. பார்த்த உடனை பிடிச்சிட்டுது."

"ஓம் அண்ணை" என்றாள் கௌரி. "கெட்டிக்காரிதான்."

"நீர் சுகமே?"

"சுகந்தான்" என்றாள்.